இன்னும் இடப்பக்கம் போனால் தொழிலாளர் ஓட்டு திரும்புமா?

பிரிட்டனின் லேபர் கட்சியைப் பற்றி நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2019இல் ஜெரமி கார்பின் தலைமையில் அந்தக் கட்சி மண்ணைக் கவ்வியதற்கு அது ரொம்ப இடப்பக்கம் போனதுதான் காரணம் என்கிறது ஒரு கூட்டம். அதே கார்பின்தான் 2017இல் ஓட்டை அள்ளினார், ஆகவே இன்னும் இடப்பக்கம் போக வேண்டும் என்கிறது இன்னொரு கூட்டம். யார் சொல்வது சரி, இடதுசாரித்தனத்தைக் கூட்டினால் தொழிலாளி ஓட்டு வருமா வராதா என்பது அவர் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இடதுசாரிக் கொள்கைகள் தொழிலாளர்களுக்குப் பிடிக்கிறதா என்பது ஒன்று. பிடித்தால் அதற்காக ஓட்டுப் போடுவார்களா என்பது மற்றது. முதலாவதற்கு என் பதில், பொருளாதார விஷயங்களில் பெரும்பாலும் ஆமாம். இரண்டாவதற்கு, அது ஒன்றுக்காகவே போடமாட்டார்கள். ஏன் என்பதற்குத்தான் இந்த நீளம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் இருபது வருடம் தேர்தல் புள்ளிவிவரம் சொல்லிக்கொடுத்தவன் நான். 2017, 2019 இரண்டு தேர்தலிலும் லேபருக்காக வீடு வீடாகக் கதவு தட்டியவனும்கூட. ஆகவே பாசம் இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் யாரும் மறுக்காத கணக்கு. 2015இல் எட் மிலிபாண்ட் தலைமையில் லேபர் வாங்கியது 30.4 சதவீதம். 2017இல் கார்பின், ரயிலையும் தண்ணீரையும் தபாலையும் மறுபடி அரசுடைமை ஆக்குவோம், கல்லூரிக் கட்டணத்தை ஒழிப்போம், பெரிய சம்பளக்காரர்களுக்கு வரியை ஏற்றுவோம் என்று சொல்லி 40 சதவீதம் வாங்கினார். 1 கோடியே 28 லட்சம் ஓட்டு. 2019இல் அதே தலைவர், இன்னும் நீளமான வாக்குறுதிப் பட்டியல். 32 சதவீதமாகி 202 இடத்தில் நின்றது. 1935க்குப் பிறகு கட்சிக்கு இவ்வளவு குறைந்த இடங்கள் வந்ததில்லை. 2024இல் கியர் ஸ்டார்மர் கட்சியை நடுவுக்கு இழுத்துவந்து 411 இடம் பிடித்தார். ஆனால் அவர் வாங்கிய ஓட்டு 97 லட்சம்தான். படுதோல்வி என்று சொல்லப்படும் 2019இல் கார்பின் வாங்கியது 1 கோடியே 2 லட்சம். ஆக, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரும் தனக்குத் தோதான வருடத்தைப் பொறுக்கிக்கொண்டு வாதாடலாம். இணையத்தில் நடப்பதும் அதுதான்.

அதனால் நாட்டுக் கணக்கை விட்டுவிட்டு ஒரு ஊரைப் பார்ப்பது மேல். மான்ஸ்ஃபீல்ட், நாட்டிங்காம்ஷயரில் உள்ள பழைய நிலக்கரி ஊர். 1923 முதல் லேபர் கையைவிட்டுப் போகாத தொகுதி. 2016 வாக்கெடுப்பில் அந்த ஊரில் பத்துக்கு ஏழு பேர் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். அடுத்த வருடம், லேபருக்கு நாடெங்கும் காற்றடித்த அதே 2017இல், மான்ஸ்ஃபீல்ட் சுமார் ஆயிரம் ஓட்டில் லேபரின் எதிரியான வலதுசாரிக் கன்சர்வேடிவ் கட்சியிடம் போனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: லேபரின் வாக்கு விகிதம் அங்கேயும் ஏறித்தான் இருந்தது. இடப்பக்கம் போனதால் ஓட்டு குறையவில்லை. 2015இல் நான்கில் ஒரு ஓட்டை வாங்கியிருந்த, ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்க்கும் யூகிப் கட்சி கரைந்துபோய், அந்த ஓட்டில் பெரும்பகுதி கன்சர்வேடிவ் பக்கம் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அன்று இரவு லேபர் புதிதாகப் பிடித்த இடங்களில் இரண்டைச் சொல்கிறேன். நூறு வருடமாகக் கன்சர்வேடிவ் வசமிருந்த கேன்டர்பரி. அப்புறம், லண்டனின் பணக்காரத் தொகுதியான கென்சிங்டன், அதுவும் வெறும் 20 ஓட்டில். சுரங்க ஊரைக் கொடுத்துவிட்டுக் கென்சிங்டனை வாங்கிய கட்சி என்று நாங்களே கிண்டல் செய்துகொண்டோம். (கென்சிங்டனிலும் வாடகை கட்டமுடியாத ஏழைகள் நிறைய, கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு அந்தத் தொகுதியில்தான் எரிந்தது. கிண்டல் பாதி உண்மைதான்.)

2019 டிசம்பரில் அந்தப் பக்கம் ஒரு தெருவில் கதவு தட்டிக்கொண்டிருந்தேன். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கையில் அட்டை, அதில் வாக்காளர் பட்டியல், குளிரில் எழுதாத பேனா. துண்டறிக்கையைக் கதவின் தபால் துவாரத்தில் போடும்போது விரலை உள்ளே விடாதே, நாய் இருக்கும் என்பது புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்த ஊரில் யாரையும் பாசமாக "டக்" என்றுதான் கூப்பிடுவார்கள். "உள்ளே வா டக், வாசலில் நின்றால் சூடெல்லாம் வெளியே போகிறது" என்றார். ரயிலை அரசு எடுத்துக்கொள்வது பற்றிக் கேட்டேன். "அதை விற்றதே தப்பு." மருத்துவமனைக்குக் கூடுதல் பணம்? "வேண்டும்தான்." குறைந்தபட்ச ஊதியம் மணிக்குப் பத்து பவுண்ட்? "என் பேரனுக்கு உதவும்." சரி, அப்படியானால் எங்களுக்குத்தானே உங்கள் ஓட்டு என்றேன். சிரித்துவிட்டு, "இல்லை டக். ஊருக்குப் பஸ்ஸே ஒழுங்காக வருவதில்லை, உங்கள் ஆள் எல்லோருக்கும் இலவச பிராட்பேண்ட் தருகிறேன் என்கிறார். போன தடவை நாங்கள் போட்ட ஓட்டையே இன்னும் எண்ணி முடிக்கவில்லை நீங்கள்" என்றார். பிரெக்சிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற 2016இல் போட்ட ஓட்டைத்தான் சொன்னார். மறுபடி ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம், அதில் தலைவர் நடுநிலை வகிப்பார் என்பது அப்போது எங்கள் கட்சியின் நிலைப்பாடு. அதை அந்த வாசலில் நின்று விளக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஒரு பெரியவரை வைத்து ஒரு நாட்டை அளக்கக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்னது கருத்துக்கணிப்புகளோடு ஒத்துப்போகிறது. தண்ணீர், ரயில், மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டும் என்பதற்குப் பிரிட்டனில் தொடர்ந்து பெரும்பான்மை ஆதரவு உண்டு, கன்சர்வேடிவ் வாக்காளர்களில் நிறையப் பேர் உட்பட. தோல்விக்குப் பிறகு 2020இல் லேபர் கட்சிக்காரர்களே நடத்திய ஆய்வும், தலைவர்மேல் வெறுப்பு, பிரெக்சிட் குழப்பம், சொன்னதையெல்லாம் செய்யமுடியாது என்ற அவநம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே கவிழ்த்தன என்றது. கடைக்காரன் நல்ல சரக்கு வைத்திருக்கிறான், ஆனால் கடனாகக் கொடுத்தாலும் அந்தக் கடையில் வாங்கமாட்டேன் என்பதுபோல ஒரு மனநிலை. கடையில் இன்னும் பத்துச் சரக்கைக் கொண்டுவந்து அடுக்கினால் அது மாறாது. 2019இல் நாங்கள் செய்தது அதைத்தான்.

அடுத்தது, தொழிலாளி என்று யாரைச் சொல்கிறோம்? பிரிட்டிஷ் கருத்துக்கணிப்புகளில் ஏ, பி, சி1, சி2, டி, இ என்று ஒரு சமூகத் தரவரிசை இருக்கிறது. எந்தப் பத்திரிகையை யார் படிக்கிறார்கள் என்று விளம்பரக்காரர்களுக்குச் சொல்வதற்காக உண்டானது. குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் வேலையை வைத்துத் தரம் பிரிப்பார்கள். சி2, டி, இ மூன்றும் உழைக்கும் வர்க்கம் என்று கணக்கு. 2019 தேர்தல் முடிந்ததும் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த பெரிய கணிப்பில் இந்த மூன்று தரத்தினரில் 48 சதவீதம் கன்சர்வேடிவுக்கும் 33 சதவீதம் லேபருக்கும் போட்டிருந்தார்கள். மேல் தரங்களில் கன்சர்வேடிவுக்கு 43, லேபருக்கு அதே 33. பார்த்தவுடன், "தொழிலாளர்கள் இடதுசாரிகளைக் கைவிட்டுவிட்டார்கள்" என்று தலைப்புப் போடத் தோன்றும். ஆனால் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்: கடன் அடைத்த சொந்த வீடும் சுரங்க ஓய்வூதியமும் உள்ள எழுபது வயதுக்காரர் தன் பழைய வேலையால் உழைக்கும் வர்க்கம். அரசு ஓய்வூதியம் மட்டுமே வாங்குகிறவர்கள் நேராக இ-க்குப் போய்விடுகிறார்கள். பட்டம் படித்துவிட்டு அலுவலகத்தில் அடிமட்ட குமாஸ்தா வேலை பார்த்து, சம்பளத்தில் பாதியை ஒரு அறை வாடகைக்குக் கொடுக்கும் இருபத்தாறு வயதுப் பெண், சி1, அதாவது நடுத்தர வர்க்கம். அந்தப் பெரியவர் எங்களைவிட்டுப் போனார். அந்தப் பெண் வந்தாள். பிரிட்டனில் இப்போது கட்சியைப் பிரிக்கும் பெரிய கோடு வயது. வர்க்கக் கோடு அதன் அடியில் மங்கலாகத் தெரிகிறது, அழிந்துவிடவில்லை.

இதைவிடக் கூர்மையான உதாரணம் மான்ஸ்ஃபீல்டிலிருந்து சில மைல் தள்ளி, ஷையர்புரூக் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. அங்கிருந்த சுரங்கத்தை 1993இல் மூடினார்கள். அந்த மனையில் பின்னர் ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் கிடங்கு வந்தது. 2016இல் நாடாளுமன்றக் குழு ஒன்று அதை விசாரித்தபோது அங்கே மூவாயிரத்துக்கு மேல் ஏஜென்சி ஆட்கள் (வேறு நிறுவனம் தற்காலிகமாக அனுப்பிவைத்தவர்கள்), நிரந்தர ஊழியர்கள் ஏறக்குறைய இருநூறு பேர்தான். ஏஜென்சி ஆட்களில் மிகப்பலர் போலந்து முதலிய கிழக்கு ஐரோப்பிய நாட்டவர். நிச்சயமில்லாத வேலை நேர ஒப்பந்தங்களை ஒழிப்போம் என்று எங்கள் அறிக்கையில் எழுதியிருந்தோமே, அது இவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். ஆனால் இவர்களைப்போன்ற ஐரோப்பியக் குடிமக்களுக்கு அப்போது உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு இருந்தது, பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் கிடையாது. (நான் இந்தியக் கடவுச்சீட்டோடு இருந்தபோதே எனக்கு எல்லாத் தேர்தலிலும் ஓட்டு இருந்தது. காமன்வெல்த்காரன் என்ற சலுகை. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் அப்படித்தான். போலந்துக்காரர்கள் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள்.) ஆக, இன்றைய தொழிலாளிக்காகக் கொள்கை எழுதினோம், அதைப் படித்து ஓட்டுப் போட வேண்டியவர் நேற்றைய தொழிலாளி. அவருக்கோ அந்தக் கிடங்கு என்றாலே, தன் சுரங்கத்தை மூடிவிட்டு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்த இடம்.

ஷையர்புரூக் இருக்கும் தொகுதி பொல்சோவர். "இடப்பக்கம் போனதால்தான் எல்லாம்" என்பவர்களுக்கு நான் காட்டும் கணக்கு இதுதான். அங்கே 1970 முதல் உறுப்பினராக இருந்தவர் டென்னிஸ் ஸ்கின்னர், சுரங்கத் தொழிலாளி, அவர் அப்பாவும் சுரங்கத் தொழிலாளி, கட்சியிலேயே அசைக்கமுடியாத இடதுசாரி. ஐரோப்பிய ஒன்றியத்தையும் அவருக்குப் பிடிக்காது, ஊர் மனமும் அதுதான். 1997இல் அவர் வாங்கியது 74 சதவீதம். 2010இல் 50. 2017இல் 52. 2019இல் 36 ஆகித் தோற்றார். 49 வருடம் முடிவுக்கு வந்தது. இந்த எண்களை வரிசையாகப் பாருங்கள். 74இலிருந்து 50க்குச் சரிந்தது முழுக்க டோனி பிளேர், கோர்டன் பிரவுன் காலத்தில், கட்சி நடுவில் நின்றிருந்தபோது. கார்பின் வந்தபின் 2017இல் சற்று ஏறி, 2019இல் மறுபடி விழுந்தது. வேட்பாளர் இத்தனை வருடமும் ஒருவரே, அவர் கொள்கையும் துளி மாறவில்லை. ஆகவே வேட்பாளரின் இடதுசாரித்தனம் காப்பாற்றவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. மாறியது ஊரும், ஊரார் கண்ணில் கட்சியும்.

நடுவுக்குப் போன காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடதுசாரி நண்பர்களின் வாதம் இந்த இடத்தில் பலமாக நிற்கிறது. 1997இல் பிளேருக்கு 1 கோடியே 35 லட்சம் ஓட்டு. 2001இல் 1 கோடியே 7 லட்சம். 2005இல் 95 லட்சம் சொச்சம். மூன்றிலும் ஜெயித்தார், அதனால் யாரும் கவனிக்கவில்லை. நாட்டின் மொத்த வாக்குப்பதிவு 1997இல் 71 சதவீதமாக இருந்து 2001இல் 59 ஆனது. ஆக்ஸ்ஃபோர்டின் ஜெஃப்ரி எவன்ஸ், ஜேம்ஸ் டில்லி இருவரும் நீண்டகாலத் தரவுகளை வைத்துக் காட்டியது இது: தொழிலாளர்கள் எதிர்க்கட்சிக்குத் தாவியதைவிட, வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டதுதான் முதலில் நடந்தது. இரண்டு கட்சியும் ஒன்றுபோல ஆகி, இரண்டிலும் தன்னைப்போல் பேசுகிறவன் இல்லை என்று ஆனபோது, ஓட்டுப் போடுவதே வேண்டாம் என்றிருந்துவிட்டார்கள். இதை நான் கிட்டத்தட்ட உறுதியாக ஏற்கிறேன். ஆனால் அப்படி விலகியவர் பதினைந்து வருடம் கழித்து, கட்சி இடப்பக்கம் திரும்பிவிட்டது என்ற செய்தி கேட்டு எழுந்து வருவார் என்று நம்புவது வேறு விஷயம். 2016 வாக்கெடுப்புக்குத்தான் அவர்களில் பலர் எழுந்து வந்தார்கள். அன்று தங்கள் ஓட்டுக்கு மதிப்பு இருந்ததாக உணர்ந்தார்கள். அடுத்த மூன்று வருடம் அந்த ஓட்டு செல்லாது என்று சொல்வதுபோல நாங்கள் நடந்துகொண்டோம்.

தாமஸ் பிக்கெட்டி என்ற பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் இந்த மாற்றத்தைப் பல நாடுகளில் அளந்திருக்கிறார். 1950களில் குறைவாகப் படித்தவர்கள் இடதுசாரிகளுக்குப் போட்டார்கள், இப்போது அதிகம் படித்தவர்கள் போடுகிறார்கள். இப்படி மாறிய கட்சிகளுக்கு அவர் வைத்த பெயர் "பிராமண இடது". தமிழ் வாசகர் இதைக் கேட்டால் வேறு மாதிரி நிமிர்ந்து உட்காருவார் என்பது தெரியும். அவர் சொல்வது சாதியை அல்ல, படிப்பைச் சொத்தாக வைத்திருக்கும் மேல்தட்டை. ஆனாலும் கட்சிக் கூட்டத்துக்குப் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயர் பொருந்துகிறது. எங்கள் கிளையில் முப்பது பேர் கூடினால் இருபது பேர் ஆசிரியரோ பல்கலைக்கழகத்தாரோதான், என்னையும் சேர்த்து. தொழிலாளியின் நன்மைக்காகத் தீர்மானம் போடுவோம், அதைத் தொழிலாளி ஒருவர் படித்தால் நிகண்டு வேண்டும்.

இங்கேதான் "இடது" என்ற சொல் காலை வாரிவிடுகிறது. சம்பளம், வாடகை, ஓய்வூதியம் என்பது ஒரு அச்சு. குடியேற்றம், தேசம், குற்றம் என்பது இன்னொரு அச்சு. பழைய தொழிலாளர்களில் நிறையப் பேர் முதலாவதில் இடப்பக்கமும் இரண்டாவதில் வலப்பக்கமும் நிற்கிறார்கள். கட்சி இடப்பக்கம் நகர்ந்தால் பெரும்பாலும் இரண்டிலும் சேர்ந்தே நகர்கிறது, ஏனென்றால் நகர்த்துகிற உறுப்பினர்கள் அப்படிப்பட்டவர்கள். அப்படியானால் இரண்டையும் பிரித்துவிடலாமே என்று டென்மார்க்கில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் மெட்டே ஃபிரடெரிக்சன் செய்து பார்த்தார். குடியேற்றத்தில் கடுமை, பொருளாதாரத்தில் இடது. சின்ன வயதிலேயே உடலுழைப்பு வேலைக்கு வந்தவர்கள் சீக்கிரம் ஓய்வுபெறலாம் என்று சட்டம் கொண்டுவந்தார். அந்தப் பிரச்சாரத்தில் காட்டப்பட்ட மதுபான ஆலைத் தொழிலாளி ஒருவரின் பெயரால் அதை ஊரே "ஆர்னே ஓய்வூதியம்" என்று அழைக்கிறது. கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய கொள்கை, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அவர் ஆட்சியைப் பிடித்த 2019 தேர்தலில் கட்சியின் வாக்கு 25.9 சதவீதம், முந்தைய தேர்தலில் வாங்கிய 26.3ஐவிடச் சற்றுக் குறைவு. தீவிர வலதுசாரிகளிடமிருந்து கொஞ்சம் வந்தது, மறுபக்கம் மற்ற இடதுசாரிக் கட்சிகளுக்குக் கொஞ்சம் போனது. மேற்கு ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்ட டாரிக் அபு-சாதி முதலானவர்களின் ஆய்வும், சமூக ஜனநாயகக் கட்சிகள் இழந்த ஓட்டில் தீவிர வலதுக்கு நேராகப் போனது சிறு பங்குதான் என்கிறது. எனவே டென்மார்க்கைக் காட்டி "இதுதான் வழி" என்று அடித்துச் சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

எதை நான் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். தேர்தல் சோதனைக்கூடம் அல்ல. 1983இல் லேபர் மிக இடதுசாரியான அறிக்கையோடு நின்று 27.6 சதவீதத்துக்கு விழுந்தது என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முந்தைய வருடம் ஃபாக்லாந்து போரில் மார்கரெட் தாட்சர் ஜெயித்திருந்தார். லேபரிலிருந்து பிரிந்த கூட்டம் தனிக் கட்சி கண்டு, லிபரல்களோடு சேர்ந்து 25 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. அறிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க என்னிடம் தராசு இல்லை. அதேபோல 2017இன் ஏற்றத்தில் கொள்கைக்கு எவ்வளவு, கன்சர்வேடிவ் தலைவர் தெரசா மேயின் சொதப்பலான பிரச்சாரத்துக்கு எவ்வளவு, சிறு கட்சிகள் சுருங்கியதற்கு எவ்வளவு என்பதும் அப்படித்தான். கார்பின் அல்லாத வேறொருவர், பிரெக்சிட் இல்லாத ஒரு வருடத்தில், அதே அறிக்கையோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மாணவர்கள் வருடாவருடம் கேட்பார்கள். ஜெயித்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆகவே நண்பருக்கு: உங்கள் ஊர்க் கட்சி ஒன்றை மனதில் வைத்துக் கேட்டிருந்தால், கொள்கையை எத்தனை அடி இடப்பக்கம் நகர்த்தலாம் என்று அளப்பதற்கு முன், கடைசித் தேர்தலில் அந்தக் கட்சியின் தொழிலாளர்கள் வேறு கட்சிக்குப் போனார்களா, வீட்டில் இருந்துவிட்டார்களா, ஓட்டே இல்லாதவர்களா என்று பாருங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. வீட்டில் இருந்தவருக்குக் கையில் தொடக்கூடிய ஒன்றிரண்டு வாக்குறுதியும் தேர்தல் இல்லாத நாளிலும் ஊரில் தென்படும் ஆட்களும் வேண்டும். வேறு கட்சிக்குப் போனவரிடம் கொள்கைப் பட்டியலை நீட்டினால் சிரிப்பார், அந்தப் பெரியவர் சிரித்ததுபோல.

மான்ஸ்ஃபீல்ட் 2024இல் திரும்ப லேபரிடம் வந்தது. நடுவுக்குப் போனதால் வந்தது என்று எழுதினார்கள். அங்கே கன்சர்வேடிவ் கட்சியும், குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரி ரிஃபார்ம் கட்சியும் வாங்கிய ஓட்டைக் கூட்டினால் லேபரைவிட அதிகம். அடுத்த வருடமே நாட்டிங்காம்ஷயர் மாவட்ட மன்றத்தை ரிஃபார்ம் பிடித்துவிட்டது. ஷையர்புரூக் கிடங்குக்கு வேலைக்கு வந்தவர்களில் பலர் இதற்குள் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டார்கள், அங்கே வளர்ந்த அவர்கள் பிள்ளைகளுக்கும் பதினெட்டு வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த தடவை நான் அட்டையோடு போனால் முதலில் அவர்கள் கதவைத்தான் தட்டுவேன்.